மாசக்காரரின் அரை நிமிடம்

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவரை எல்லோரும் மாசக்காரர் என்றுதான் சொன்னார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுபோனது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அறை என்றால் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய மோட்டார்களைப் போட்டு வைத்திருந்த மூலையைப் பலகையால் தடுத்து, ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கதவில் அவரே ஒரு காகிதம் ஒட்டுவார்: 'மாதம் மாற்றும் பணி நடக்கிறது. தொந்தரவு செய்யாதீர்கள்.' இரண்டு நாள் அந்தக் காகிதம் இருக்கும். இரண்டு நாளும் மேனேஜர்கூடக் கதவைத் தட்டமாட்டார். மூன்றாம் நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவார்.

"முடிஞ்சுதா சார்?" என்று யாராவது கேட்பார்கள்.

"ஒரு வழியா முடிஞ்சுது" என்பார்.

அந்த வேலைக்கு ஆகும் நேரம் அரை நிமிடம். இது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கட்டிய மனைவிக்கும் தெரியாது.

ஒரு காலத்தில் உண்மையாகவே இரண்டு நாள் ஆனதுதான். எந்த மெக்கானிக் எந்தத் தேதியில் எந்தக் கட்டிடத்துக்குப் போய் எந்த லிஃப்டைப் பார்த்தார் என்று சீட்டுகள் ஆபீசுக்கு வரும். என்ட்ரி போடும் அம்மா அவற்றை டேட்டாபேஸில் ஏற்றுவார். அங்கிருந்து எண்களை எடுத்து எக்ஸெல் ஷீட்டில் கொண்டுவந்து போட ஆட்-இன் என்ற ஒரு துணைப் புரோகிராம் இருந்தது. ஷீட்டில் 'மார்ச்' என்று அடித்து ரெஃப்ரெஷ் பட்டனை அழுத்தினால் மார்ச் எண்கள் வந்து உட்காரும். 'ஏப்ரல்' என்று அடித்தால் ஏப்ரல் எண்கள். பதினோரு ஏரியா, ஏரியாவுக்கு எட்டு ரிப்போர்ட், ஆக எண்பத்தெட்டு ஷீட். முதல் தேதி எண்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய மாதத்தை அழித்து, முடிந்துபோன மாதத்தின் பெயரை அடிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆட்-இன் சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் வந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மீதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். பாவம், அவரும் சளைக்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"சப்ஸ்டிட்யூஷன் வேரியபிள்னு ஒண்ணு இருக்கு. பெரிய விஷயமில்ல. உங்க மேனேஜர் ரூம் கதவுல 'மேனேஜர்'னு போர்டு இருக்கு. ஆள் மாறினா போர்டையா மாத்தறீங்க? உள்ள உக்காந்திருக்கறவர்தான் மாறறார். அதே மாதிரிதான் இதுவும். ஷீட்ல மாசத்தோட பேரை அடிக்காதீங்க. 'அறிக்கைமாதம்'னு ஒரு பேரை வெச்சு, முன்னால & குறி போட்டு அடிச்சு விட்டுடுங்க. டேட்டாபேஸ்ல ஒரே ஒரு இடத்துல 'அறிக்கைமாதம்னா இப்ப மே'ன்னு சொல்லிட்டா போதும். எல்லா ஷீட்டும் மேயைக் காட்டும்."

அந்த ஆபீசில் நாலு வருடத்தில் ஐந்து மேனேஜர்கள் வந்து போயிருந்தார்கள். போர்டு அதேதான். அதனால் மாசக்காரருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து எண்பத்தெட்டு ஷீட்டிலும் மாதப் பெயரை எடுத்துவிட்டு அந்த வேரியபிளைப் போட்டார். தலைப்பு வரியை மட்டும் கம்ப்யூட்டரின் காலண்டரோடு இணைத்துவிட்டார். போன மாதம் எதுவோ அதுவே தலைப்பில் தானாக வந்து நிற்கும். தலைப்பில் மாதம் தப்பாக இருந்ததென்று ஒரு மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தியது அவருக்கு ஆறாமல் இருந்தது. தலைப்பு இனி யாரையும் நம்பி இருக்கக் கூடாது என்று நினைத்தார். எண்கள் அவரை நம்பி இருந்தன. இந்த வித்தியாசத்தை வாசகர் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் இதுதான் ஒரு மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

அடுத்த முதல் தேதி, டேட்டாபேஸுக்குள் போய், வேரியபிளின் மதிப்பை மாற்றினார். எண்பத்தெட்டு ஷீட்டும் மாறின. அரை நிமிடம். ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லித்தான் இருப்பார். ஆனால் அதே வாரம் ஸ்டோர்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். உதிரி பாகம் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர். பார்கோடு இயந்திரம் வந்தது, அவர் கண்ணுக்கு வேலை இல்லாமல் போனது. ஒரு பையில் தன் டம்ளரையும் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கியதை மாசக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். காகிதம் ஒட்டும் பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். மாசக்காரர் புளுகு ஒன்பது வருடம் ஓடியது. மாதம் இரண்டு நாள், வருடத்துக்கு இருபத்து நாலு, மொத்தம் இருநூற்றுப் பதினாறு நாள் ஒரு மனிதர் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தித்தாளை முதலிலிருந்து கடைசி வரை படித்தார், பிறகு கடைசியிலிருந்து முதல் வரை. தூங்கினார் என்று சொல்ல முடியாது. குறட்டை வெளியே கேட்குமே என்ற பயம் தூங்கவிடவில்லை. நாளாக ஆக அவருக்கே களைப்பு உண்மையாக வந்தது. மூன்றாம் நாள் வீட்டில் மனைவி காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டால் 'அப்பாடா' என்பார், கூச்சமில்லாமல்.

இனி மாப்பிள்ளை. மாசக்காரரின் தங்கை கணவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஆபீசிலும்கூட. மாசக்காரர்தான் சொல்லி வேலையில் சேர்த்துவிட்டார். மெக்கானிக் வேலை, வருடா வருடம் ஜூன் முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக்கின் தலையெழுத்து வேடிக்கையானது. அவர் வரும்போது லிஃப்ட் நின்றிருக்கும், அதனால் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறித்தான் போக வேண்டும். ஏழு மாடி, ஒன்பது மாடி, கையில் கருவிப் பெட்டி. மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் ஏறுவார். சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி. ஒவ்வொரு கட்டிடத்தையும் முடித்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு கோடு போடுவார்.

மார்ச் கடைசியில் ஏணி சறுக்கி விழுந்தார். கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டது. ஏப்ரலில் முக்கால்வாசி நாள் காயத்துக்கான விடுப்பு. மாதக் கடைசியில் வந்து எட்டு லிஃப்ட் பார்த்தார். மே மாதம் அதற்கெல்லாம் சேர்த்து உழைத்தார். காலை இழுத்து இழுத்துப் படியேறினார். டைரியில் அறுபத்தொரு கோடு. ஏரியாவிலேயே அதுதான் அதிகம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம், பேர் கெட்டுவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு.

மாசக்காரருக்கு மே கடைசியில் குடலிறக்க அறுவை சிகிச்சை. ஜூன் முதல் தேதி அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். என்ட்ரி அம்மா போன் செய்தார்.

"சார், உடம்பு எப்படி இருக்கு? மேனேஜர் ரிப்போர்ட் கேக்கறார். மாசம் எப்படி மாத்தறதுன்னு சொன்னீங்கன்னா நான் பண்ணிடறேன்."

போனிலேயே நாலு வரியில் சொல்லியிருக்கலாம். அரை நிமிடம். தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்த அந்த மனிதருக்கு அந்தக் கணம் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நான் இல்லாமல் நகராது பார், என்ற சந்தோஷம்.

"அதெல்லாம் உன்னால ஆகாதும்மா. ரெண்டு நாள் வேலை. பாஸ்வேர்டும் எங்கிட்டதான் இருக்கு. நான் வந்து பாத்துக்கறேன்னு சொல்லு."

"அவசரம்கறார் சார்."

"முப்பத்தோரு வருஷமா எல்லாரும் அவசரம்னுதான் சொல்றாங்க. காத்திருக்கச் சொல்லு."

மேனேஜர் காத்திருக்கவில்லை. மே மாதம்தான் வந்து சேர்ந்திருந்த புதியவர். ஷீட்டைத் திறந்து ரெஃப்ரெஷ் பட்டனை அவரே அழுத்தினார். தலைப்பில் 'மே' என்று பளிச்சென்று வந்தது. கீழே எண்களும் வந்தன, ஏப்ரல் மாதத்து எண்கள். வேரியபிளுக்கு இன்னும் ஏப்ரல்தான் தெரியும், அது என்ன செய்யும்? மாப்பிள்ளை இருந்த ஏரியாவின் இருபத்திரண்டு மெக்கானிக்குகளின் எண்ணும் போன மாதத்தோடு அச்சு அசலாய் ஒத்துப்போனதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. எண்பத்தெட்டு ஷீட்டையும் அந்த ஆபீசில் எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மேனேஜர் கடைசி வரியை மட்டும் படித்தார். ஏரியாவுக்கு ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லித் தலைமை ஆபீசிலிருந்து வந்திருந்தது. கடைசி வரியில் மாப்பிள்ளை. எட்டு. வருகைப் பட்டியலை வரவழைத்துப் பார்த்தார்: மே மாதம் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. முழு மாதமும் வந்து எட்டு லிஃப்ட்தான் பார்த்தாரா மனுஷன் என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று கடிதம் தயாரானது.

மாப்பிள்ளை போய்க் கேட்காமல் இல்லை. "நெறைய பாத்தேனே சார்" என்றார். மேனேஜர் ஷீட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இது யார் போட்ட ஷீட்? உங்க மச்சான் போட்டதுதானே? அவர் தப்பா போடுவாரா?"

மாப்பிள்ளை ஷீட்டைப் பார்த்தார். மேலே மே, கீழே எட்டு. "மச்சான் தப்பு பண்ணமாட்டார் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி மாசக்காரர் வேலைக்குத் திரும்பினார். அதற்கு முன்பே தங்கை அவர் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். "எட்டுதான் பாத்தாராம் அண்ணே. அப்படின்னா தெனமும் காலைல எங்கதான் போனாரு?" என்று கேட்டிருந்தாள். கட்டியவன்மேல் சந்தேகம் கலந்த அழுகை அது. மாசக்காரர் நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, டேட்டாபேஸைத் திறந்தார். வேரியபிளில் 'ஏப்ரல்' என்று இருந்தது. 'மே' என்று மாற்றினார். ரெஃப்ரெஷ். கடைசி வரியில் இருந்த மாப்பிள்ளை முதல் வரிக்கு ஏறி நின்றார். அறுபத்தொன்று.

அந்தத் தாளை அச்செடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சரியாகத்தான் யோசித்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் வாயில் வேறு வந்தது.

"குடும்பஸ்தன் சார். ரெண்டு பிள்ளைங்க படிக்குது. கொஞ்சம் பாத்து..."

மேனேஜர் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. கடிதத்தை மேசை டிராயரிலிருந்து எடுத்து முன்னால் வைத்தார்.

"இது இன்னும் தலைமை ஆபீசுக்குப் போகல. எனக்கும் ஒருத்தர் சோத்துல கை வைக்க ஆசையில்ல. ஆனா நம்பர் இப்படி இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த நம்பர் தப்புன்னு. இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

மடித்த தாள் நெஞ்சில் உறுத்தியது. தப்பு என்றால் ஏன் தப்பு என்பார். மாதம் மாற்றவில்லை என்றால் ஏன் மாற்றவில்லை என்பார். என்ட்ரி அம்மா போன் செய்தாளே என்பார். இரண்டு நாள் வேலை என்றீர்களே, பன்னிரண்டாம் தேதி காலையில் வந்து பத்தே நிமிடத்தில் எப்படி மாற்றினீர்கள் என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது எடுத்துக் காட்டினால் அழுகிய நாற்றம்தான் வரும். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. கையில் பையோடு படியிறங்கிய ஸ்டோர்காரர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நம்பர் சரிதான் சார்" என்றார் மாசக்காரர்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். கடிதத்தைத் தபால் தட்டில் வைத்தார். பிறகு எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"சொந்த மாப்பிள்ளையா இருந்தும் நம்பர் சரின்னு சொல்றீங்க பாருங்க. உங்கள மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் நான் ஷீட்டைக் கண்ணை மூடிட்டு நம்பறேன்."

இந்தச் சம்பவத்தை அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னார். கைதட்டினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. இந்த நுணல் வாயை மூடிக்கொண்டு அடுத்தவரைக் கெடுத்தது, அதற்குக் கைதட்டலும் வாங்கியது.

அன்றைக்கு மேனேஜர் அறையிலிருந்து திரும்பியதும் மாசக்காரர் இன்னொரு அரை நிமிட வேலை செய்தார். வேரியபிளை மறுபடி 'ஏப்ரல்' என்று மாற்றினார். யாராவது ஷீட்டைத் திறந்தால் அறுபத்தொன்றைப் பார்த்துவிடக் கூடாதே. அதுவரை அவர் செய்தது கோழைத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது?

என்ட்ரி அம்மா மட்டும் ஒரு நாள் கதவருகே வந்து நின்றார். "சார், மாப்பிள்ளையோட சீட்டு மே மாசம் நெறைய போட்ட ஞாபகம். கை வலிச்சுது."

"அது மார்ச்மா. நீ மாசத்தைக் குழப்பிக்கற."

மாசத்தைப் பற்றி அவர் சொன்னால் அந்த ஆபீசில் அப்பீல் கிடையாது. "அப்படியா சார், இருக்கும்" என்று போய்விட்டார்.

சட்டைப் பையில் இருந்த தாள் துவைக்கும்போது நனைந்து கூழாகிப்போனது. மனைவி உருட்டி எடுத்து வந்து, "என்னங்க, முக்கியமான காகிதமா?" என்று கேட்டாள். "இல்ல" என்றார்.

ஜூலை முதல் தேதி கதவில் காகிதம் ஒட்டி, வேரியபிளை ஏப்ரலிலிருந்து நேராக ஜூனுக்கு மாற்றினார். மே மாதத்து எண்கள் அந்த ஆபீசின் ரிப்போர்ட்டில் வரவே இல்லை. வேலையை விட்டுப் போன மாப்பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டதால் ஷீட்டில் இருபத்தொரு வரி இருந்தது. இரண்டு நாளும் அவர் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அந்தக் கட்டிடத்து லிஃப்டையும் இதே கம்பெனிதான் பராமரித்தது. லிஃப்ட் நின்றுபோனால் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியும். ஆனால் தொடக் கூடாது, போன் செய்துவிட்டு மெக்கானிக் வரும்வரை கீழே நிற்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாசக்காரர் பார்க்கப் போனார். கேட் பக்கத்துப் பெட்டி அறையில் மாப்பிள்ளை தன் நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டுவிட்டு நின்றார்.

"உக்காருங்க மச்சான். எனக்காக மேனேஜர்கிட்டப் போய்ப் பேசினீங்களாமே. உங்க தங்கச்சி சொன்னா. அதுவே பெருசு."

மாசக்காரர் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பையிலிருந்து அந்தச் சின்ன டைரியை எடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க. இதுல மே மாசம் அறுபத்தொரு கோடு இருக்கு. நானேதான் போட்டிருக்கேன். நீங்க ஒரு தடவை பாத்தீங்களா மச்சான்?"

"பாத்தேன்."

"எட்டுதானா?"

கேட்டுக்கு வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை நகரவில்லை, பதிலுக்காக நின்றார்.

"எட்டுதான் மாப்ள."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். டைரியை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். "விழுந்தப்போ தலையிலயும் அடி பட்டிருக்கு போல. போகாத எடத்துக்கெல்லாம் போனதா கோடு போட்டிருக்கேன்" என்றார். பிறகு காலை இழுத்து இழுத்துப் போய்க் கேட்டைத் திறந்து காரை உள்ளே விட்டார். திரும்பி வந்து வண்டிகளை எழுதும் நோட்டில் ஒரு கோடு போட்டார். போட்டதும், அந்தப் பக்கத்தில் காலையிலிருந்து போட்டிருந்த கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"இப்பல்லாம் எதையும் ரெண்டு தடவை எண்ணிடறேன் மச்சான்" என்றார். "நம்மள நாமளே நம்ப முடியல."

"நல்லதுதான் மாப்ள" என்றார் மாசக்காரர். "எண்ணுங்க."